சுஜாதாவின் அறிவியல் புனைகதை

சுஜாதா (3 மே 1935 – 27 பிப்ரவரி 2008), இயற்பெயர் எஸ். ரங்கராஜன். அறிவியல் புனைகதையைத் தமிழில் வார இதழ் வாசகர்கள் வரை கொண்டுசென்ற எழுத்தாளர், மின்னணுப் பொறியாளர். சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியபின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குச் சென்றார். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கனவே எழுதிவந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரைச் சூட்டிக்கொண்டார்.

முதலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை நைலான் கயிறு போன்ற துப்பறியும் தொடர்கள்தாம். அந்த வேகமான, வெட்டி வெட்டிச் செல்லும் நடையையே பிறகு அறிவியல் கதைக்கும் கொண்டுவந்தார். சொர்க்கத் தீவு, எதிர்காலத் திருமலை தரிசனத்தைச் சொல்லும் திமலா, மனித மனத்தை எந்திரத்துக்கு மாற்றும் ஆராய்ச்சியைச் சுற்றி எழுதிய பேசும் பொம்மைகள் என்று வரிசை நீளும். சிறுகதைகளில் பல, கடைசி வரித் திருப்பத்தை நம்பியே நிற்பவை. மறுவாசிப்பில் அவற்றின் பலம் குறைகிறது. நாவல்களுக்கு அந்தக் குறை இல்லை.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த என் இனிய இயந்திராதான் அவற்றில் முதலிடம் பெறுவது. 2020களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். பெயர்கூட இரண்டு எழுத்துக்குமேல் கூடாது. காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணை, ஜீனோ என்ற எந்திர நாய். அது புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கேலி பேசுகிறது. நாடே வணங்கும் ஜீவாவோ வெறும் ஹோலோகிராம் பிம்பம். மனிதனை ஆட்டிவைப்பது எந்திரம் அல்ல, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஆட்கள் என்பதைத் தமிழில் இவ்வளவு துணிவாகச் சொன்ன வேறு ஜனரஞ்சகத் தொடர் இல்லை. கதை தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. மீண்டும் ஜீனோ அதன் இரண்டாம் பாகம்.

இதே எழுத்தாளர் அலுவலகத்தில் ஈடுபட்ட முக்கியமான பணி மின்னணு வாக்குப்பதிவு எந்திரம். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் சோதனையாகப் பயன்பட்ட எந்திரம், உரிய சட்டம் இல்லாததால் நீதிமன்றத்தில் தடைப்பட்டு, சட்டத் திருத்தத்துக்குப் பிறகே திரும்பி வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் அதுவே இருந்தது. ஜீனோவைப் படித்து வளர்ந்த வாசகர்கள் அன்று விரலால் அழுத்திய பொத்தானில் அவர்களுடைய எழுத்தாளரின் உழைப்பும் இருந்தது.

வாசகர்மேல் அவர் செலுத்திய செல்வாக்கைக் கதைகளை மட்டும் வைத்து அளக்க முடியாது. ஜூனியர் விகடனின் ஏன் எதற்கு எப்படி கேள்வி-பதில் பகுதி, மூளையைப் பற்றிய தலைமைச் செயலகம், சிலிக்கன் சில்லுப் புரட்சி ஆகியவை, ஆங்கிலப் புத்தகம் கைக்கு எட்டாத ஊர்களின் மாணவர்களுக்குக் கணிப்பொறியையும் மரபணுவையும் முதன்முதலில் அறிமுகப்படுத்தின. அறிவியலை மக்களிடம் பரப்பியதற்காக 1993இல் மத்திய அரசின் தேசிய விருது பெற்றார். திரையிலும் அவருடைய அறிவியல் புனைகதையின் தடம் உண்டு: விக்ரம் (1986) படத்தில் பங்காற்றினார், அவர் பங்காற்றிய எந்திரன் அவர் மறைவுக்குப் பிறகு 2010இல் வெளிவந்தது. ஜெயமோகனின் விசும்பு போன்ற பிற்காலத் தொகுப்புகள் வேறு திசையில் நடந்தாலும், இந்த வகைக் கதைக்குத் தமிழில் வாசகர் கூட்டம் இருந்ததற்கு சுஜாதாவே முதல் காரணம்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் சிறுகதைகளை விட்டுவிட்டு என் இனிய இயந்திராவில் தொடங்கி, உடனே மீண்டும் ஜீனோவையும் படித்து முடியுங்கள்.