சாவை ஆடிக் காட்டிய ஆசான்

நாட்டியம் வெறும் பொழுதுபோக்கே என்று கருதுவோர் உண்டு. அவர்கள் ஜெர்மனி நாட்டு நடன ஆசான் குர்ட் யோஸ் என்பாரின் வரலாற்றை அறிவது நலம்.

இவர் 1901-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் பிறந்தார். உடல் அசைவின் இலக்கணத்தை ஆராய்ந்த ருடால்ஃப் லாபானிடம் பயின்றார். 1927-இல் எஸ்ஸன் நகரில் ஃபோல்க்வாங் கலைப்பள்ளி உருவாகக் காரணமானவர்களுள் இவரும் ஒருவர். பழைய பாலேயின் ஒழுங்கையும் புதிய நடனத்தின் உணர்ச்சியையும் நாடகத்தோடு இணைத்தார். பொருளற்ற அசைவு மேடையில் கூடாது என்பதே அவர் புகட்டிய பாடம்.

லூபெக் நகர மரியன்னை ஆலயத்தில் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. அரசர், ஆயர், ஏழை என எல்லாரையும் சாவு கைப்பிடித்து ஆட அழைக்கும் காட்சி அது. அதனைக் கண்ட யோஸின் உள்ளத்தில் 'பச்சை மேசை' என்னும் நாட்டிய நாடகம் கருக்கொண்டது. பச்சை மேசையைச் சுற்றிக் கனவான்கள் வாதிடுகின்றனர், துப்பாக்கி வெடிக்கிறது, போர் மூள்கிறது. போர்வீரன், முதிய தாய், இளம்பெண் என ஒவ்வொருவரையும் சாவு கொண்டு செல்கிறது. இறுதியில் அதே மேசை, அதே கனவான்கள், அதே வாதம்! 1932-இல் பாரிஸ் போட்டியில் இது முதற்பரிசு பெற்றது. சாவாக ஆடியவர் யோஸ்தாம்.

மறு ஆண்டே சோதனை வந்தது. ஆட்சிக்கு வந்த நாசிகள், இசையமைப்பாளர் ஃபிரிட்ஸ் கோஹன் உள்ளிட்ட யூதர்களைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார்கள். யோஸ் மறுத்தார். புகழும் பதவியும் பெரிதல்ல, உடன் உழைத்தவரே பெரிது என்று குழுவோடு நாட்டைவிட்டே வெளியேறினார். இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் என்னுமிடத்தில் சிகுர்ட் லீடருடன் பள்ளி நடத்தினார். போர்க்காலத்தில் அங்கும் எதிரி நாட்டவர் எனச் சிலகாலம் அடைத்து வைக்கப்பட்டார். கசப்பு கொள்ளாமல் 1949-இல் எஸ்ஸனுக்கே திரும்பி, 1968 வரை கற்பித்தார். 1955-இல் அங்குச் சேர்ந்த மாணவி பீனா பௌஷ் பின்னர் உலகப்புகழ் பெற்றார். 1979 மே 22-இல், கார் விபத்தில் அடைந்த காயங்களால் யோஸ் மறைந்தார்.

லூபெக் ஓவியமோ 1942-இல், குருத்து ஞாயிறு விடியுமுன் விழுந்த குண்டுகளுக்கு இரையாயிற்று. நடனம் அழியவில்லை. லாபான் வகுத்த குறியீட்டில் அது எழுதி வைக்கப்பட்டது. யோஸின் மகள் அன்னா மார்கார்ட் பல நாட்டுக் குழுக்களுக்கு அதைக் கற்பித்தார். துணியில் தீட்டியது எரிந்தாலும், மாணவர் உடலிலும் உள்ளத்திலும் பதித்தது நிலைக்கும். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் ஒவ்வொருவருக்கும் இது ஆறுதல், பொறுப்பும்கூட.