பூநாரையும் 5 கிலோ லென்சும்

குளிர்காலம் வந்தால் நம் குடியிருப்பிலிருந்து பலரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். பூநாரைக் கூட்டத்தைக் கண்ணாரப் பார்க்கிறோம். செல்போனில் எடுத்தால் அது ஒரு வெள்ளைக் கோடாகத்தான் விழுகிறது. "என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு, கடைக்குப் போகுமுன் கொஞ்சம் வரலாறு.

நம் ஊர்ப்பக்கத்து முன்னோடி சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தவர். வெவ்வேறு பாகங்களை இணைத்து உருவாக்கிய தம் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். பெயரிலேயே அதன் கனம் தெரிகிறது!

ஸ்டில் கேமராவுக்கான ஜூம் லென்ஸ் 1959இல்தான் கடைக்கு வந்தது. ஃபோக்ட்லேண்டர் நிறுவனத்தின் 'ஜூமார்' அது. 36 முதல் 82 மி.மீ. வரைதான் எட்டும், பறவைக்குப் போதாது. தூரத்துப் பறவைக்கு 600 மி.மீ. பெரிய லென்ஸ் வேண்டும். அது மட்டுமே சுமார் 5 கிலோ, கூடவே முக்காலி. பணமும் தோள்பலமும் உள்ளவர்களுக்கே அது வாய்த்தது.

டிஜிட்டல் காலம் இதை மாற்றியது. 2012இல் கேனன் எஸ்எக்ஸ்50 கேமரா 50 மடங்கு ஜூமுடன் சுமார் 600 கிராமில் வந்தது. 2015இல் வந்த நிக்கான் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம். எடை சுமார் 900 கிராம். 2000 மி.மீ.க்கு இணையான எட்டு என்பார்கள். ஆனால் லென்சின் உண்மையான நீளம் 357 மி.மீ. தான். உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சிறியது. அதனால்தான் சின்ன லென்சே அவ்வளவு தூரம் இழுக்கிறது. அதற்கு விலையும் உண்டு: வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும். மர நிழலில் எடுப்பவர்களுக்கு, சோனி ஆர்எக்ஸ்10 IV போல 600 மி.மீ. எட்டும் பெரிய சென்சார் கேமரா நல்லது, எடை 1.1 கிலோ.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: கழுத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் எடை, வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. ஏரிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் நீர்மேல் கானல் அலையும். எந்த ஜூமும் தெளிவாக எடுக்காது.

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது. நெருங்கி எடுக்கப் படகை விரட்டினால் கூட்டம் மேய்ச்சலை விட்டு எழுந்து பறக்கும். தின்று சேர்த்த சக்தி வீணாகும். 2000 மி.மீ. எட்டு கையில் இருக்கும்போது படகை நெருக்க அவசியமே இல்லை.

இன்னொரு பயனும் உண்டு. துறைமுகமும் அனல் மின் நிலையமும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த பகுதி நம்முடையது. எந்தப் பறவை எந்த நாளில் எங்கே வந்தது என்பதற்குத் தேதியுள்ள படமே சாட்சி. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வரும் பொங்கலுக்கு உங்கள் மொட்டை மாடியிலிருந்தோ பக்கத்து ஏரிக்கரையிலிருந்தோ கால்மணி நேரம் ஒதுக்குங்கள். இருக்கிற கேமராவே போதும்.