மாதந்தோறும் ஒரு வாக்கெடுப்பு: அவசரகால ஆட்சியும் இலங்கைப் பாராளுமன்றமும்

நிறைவேற்றுத்துறையைப் பாராளுமன்றம் தட்டிக்கேட்பதில்லை என்ற மனக்குறை 2022 காலிமுகத்திடல் போராட்டத்தில் பிறந்ததன்று. கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழர் அதை நள்ளிரவுச் சோதனைகளிலும் பொலிஸ் பதிவுகளிலும் நெடுங்காலம் அனுபவித்தவர்கள். கேள்வி கேட்கும் அதிகாரம் சபைக்கு இருந்தது; அதைச் சபையே படிப்படியாகக் கைவிட்டது. அவசரகாலச் சட்டத்தின் வரலாறு இதற்குச் சான்று.

இச்சட்டத்தின் வேர் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். நிறைவேற்று ஜனாதிபதி முறையை நிலைநிறுத்திய 1978 அரசியலமைப்பு, அதன் 155ஆம் உறுப்புரையில் சில கடிவாளங்களை வைத்தது. அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதமே செல்லும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். தொடர்ந்து 90 நாட்கள் நீடித்துவிட்டால் மேலும் நீடிக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்பட்டது.

கடைசிக் கடிவாளம் எட்டாண்டுகளே நிலைத்தது. 1977 தேர்தலின் பின் பிரதான எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர், 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் கோரிய, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியத்தைச் செய்ய மறுத்துத் தம் இடங்களை இழந்தனர். அவர்கள் இல்லாத சபையே 1986இல் பத்தாவது திருத்தத்தை நிறைவேற்றி, மூன்றில் இரண்டு என்ற நிபந்தனையை நீக்கியது. விகிதாசாரத் தேர்தல் முறையில் இனி அத்தகைய பெரும்பான்மை எளிதில் கிட்டாது என்ற கணக்கு இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதன்பின் சாதாரணப் பெரும்பான்மையே போதுமாயிற்று. மாதாந்த விவாதம் சடங்காயிற்று.

வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரின் கொலையையடுத்து 2005 ஆகஸ்டில் பிரகடனமான அவசரகாலம் 2011 ஆகஸ்ட் வரை மாதந்தோறும் நீடிக்கப்பட்டது. அதன் விலையைக் கொழும்பு அறியும். 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது உயர் நீதிமன்றம்; மனுச் செய்தது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். ஆள்கடத்தல்களைப் பதிவு செய்ய பாராளுமன்ற உறுப்பினர் மனோ கணேசன் உள்ளிட்டோர் 2006இல் சபைக்கு வெளியே தனியாக ஒரு கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டியிருந்தது. சபைக்குள் எதிர்த்தவர்களின் நிலையும் பாதுகாப்பானதாக இல்லை. 2007 இறுதியில் வரவு செலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்த கொழும்பு மாவட்ட உறுப்பினர் தி. மகேஸ்வரனின் பாதுகாப்பு குறைக்கப்பட்டது. 2008 புத்தாண்டு நாளில் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிறைவேற்றுத்துறை பின்வாங்கிய தருணங்களும் உண்டு. 2001 ஜூலையில் அரசு பெரும்பான்மையை இழந்த வேளையில் அவசரகாலம் காலாவதியானது. 2022 ஏப்ரலில் ஆளுந்தரப்பினர் பலர் விலகியதும் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தம் பிரகடனத்தைச் சில நாட்களிலேயே மீளப் பெற்றார். இரண்டிலும் வேலை செய்தது தலைக்கணக்கு, சபையின் விசாரணையன்று.

தலைக்கணக்கு திரும்பியதும் பழைய பழக்கமும் திரும்பியது. 2022 ஜூலை 17 அன்று பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வெளியிட்ட பிரகடனத்தைப் பத்து நாட்களில் பாராளுமன்றம் 120க்கு 63 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. அதே பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியதென உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. சபை அந்தப் பத்து நாட்களில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை வர மூன்றாண்டுகள் சென்றன.

1986இல் நீக்கப்பட்ட மூன்றில் இரண்டு நிபந்தனையை மீட்பது அவசியம். ஆயினும் அந்த நிபந்தனை, அவசரகாலத்தின் முதல் மூன்று மாதங்களைக் கட்டுப்படுத்தாது. பிரகடனத்துக்கான காரணங்களை எழுத்தில் சபைமுன் வைத்து, வாக்கெடுப்புக்கு முன் குழு விசாரணைக்கு உட்படுத்தும் விதியும் வேண்டும். அதுவரை பொறுப்புக்கூறல் என்பது மனுச் செய்ய வசதியுள்ளவர்களுக்கு, காலம் கடந்து கிடைக்கும் ஒன்றாகவே இருக்கும்.