ஒரு புள்ளி விட்டுப்போனா என்ன ஆகிடும்? மெசேஜில் தமிழ் எழுதுறவங்க கவனத்துக்கு!

'பாட்டிக்கு மாத்திரை கொடுத்தாச்சு காலையில ஒண்ணு கொடுக்கணும்'

ஃபேமிலி குரூப்பில் அண்ணி இப்படி ஒரு மெசேஜ் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வரும் நீங்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? ராத்திரி மாத்திரை முடிந்தது, அடுத்தது காலையில் என்றா? இல்லை, காலையில் ஒன்று கொடுத்தாச்சு, இப்போது ஒன்று பாக்கி என்றா? 'கொடுத்தாச்சு'க்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தால் முதல் அர்த்தம். 'காலையில'வுக்குப் பிறகு வைத்தால் இரண்டாவது. அது பிபி மாத்திரை என்றால் விளையாட்டு இல்லை.

'வாட்ஸ்அப்புக்கெல்லாம் யாருங்க இலக்கணம் பார்ப்பாங்க?' என்று கேட்கலாம். பண்டிதத் தமிழில் எழுதச் சொல்லவில்லை. 'சாப்டியா' என்று தாராளமாக எழுதுங்கள், அது தப்பே இல்லை. ஒரு விஷயம் முடிந்ததும் ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போங்கள். அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்து. இதில் என்னை ரொம்பச் சங்கடப்படுத்துவது 'ஆழ்ந்த இரங்கள்'. துக்க வீட்டுக்கு அனுப்பும் இரண்டே சொல்லில் ஒன்று தப்பு. 'இரங்கு' என்பதிலிருந்து வருவது 'இரங்கல்'. பன்மைக்கு வரும் 'கள்' இங்கே கிடையாது. 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று வருஷக்கணக்கில் சண்டை நடக்கிறது. அதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்!

'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு', 'நட்ப்பு'. பயோடேட்டாவில்கூட இவை வருகின்றன. இதற்கு ஒரே ஒரு விதி போதும்: ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு, நட்பு. மகிழ்ச்சி, வளர்ச்சி எல்லாம் சரிதான். ழ், ர் ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை. செக் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: 300 என்பது முந்நூறு, 'முன்னூறு' அல்ல.

ஒரு 'க்' செய்யும் வேலை

'அவன் கத்தி கொண்டு வந்தான்' என்றால் கையில் கத்தி இருக்கிறது. 'கத்திக் கொண்டு வந்தான்' என்றால் சத்தம் போட்டபடி வருகிறான். போலீஸைக் கூப்பிடுவதா, காதைப் பொத்திக்கொள்வதா என்பதை அந்த ஒற்றை 'க்'தான் முடிவு செய்கிறது.

ஒற்று விதிகள் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது மட்டும்தான் இந்தக் கவலையே. முதல் சொல் 'ஐ' அல்லது 'கு' உருபில் முடிந்தால் ஒற்று போடுங்கள்: வீட்டைப் பார்த்தேன், கடைக்குப் போனேன். அந்த, இந்த, எந்த என்ற மூன்றுக்குப் பிறகும் போடுங்கள்: அந்தப் பையன், இந்தக் கடை. 'படித்த புத்தகம்', 'வந்த பெண்' மாதிரி இடங்களில் போடாதீர்கள். தினசரி எழுத்துக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

லீவு மெயில் எழுத உட்கார்ந்தால் மட்டும் நமக்கு எங்கிருந்தோ ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ் தமிழ் வந்துவிடுகிறது. 'எனக்குக் காய்ச்சல் ஏற்பட்டுள்ள காரணத்தினால் இன்றைய தினம் அலுவலகத்துக்கு வருகை தர இயலாத நிலையில் உள்ளேன்.' இதையே, 'காய்ச்சலாக இருக்கிறது. இன்று வர முடியவில்லை. நேற்றைய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன்' என்று எழுதிப் பாருங்கள். மேனேஜருக்கு வேண்டிய மூன்று தகவலும் மூன்று வரியில் கிடைத்துவிடும். 'காரணத்தினால்', 'இன்றைய தினம்' இரண்டையும் வெட்டினாலே பாதி சுமை குறையும்.

ல, ள, ழ குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் கீபோர்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது எந்த 'ல' என்று போன்தான் யூகிக்கிறது. 'பள்ளிக்குக் கிளம்பிட்டான்' என்பது 'பல்லிக்கு' ஆவது அங்கேதான். முதலில் வருவதைத் தட்டாமல், மேலே தெரியும் மற்ற சொற்களையும் ஒரு பார்வை பாருங்கள். பொறுமை இருந்தால் தமிழ்99 பழகலாம். 1999-ல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை என்பதால், எந்த 'ல' என்று நீங்களே முடிவு செய்யலாம். 'க'வை இருமுறை தட்டினால் புள்ளியும் தானாக விழும். செல்லினம் ஆப்பில் இந்த அமைப்பு இருக்கிறது. சொல்லில் சந்தேகம் வந்தால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யைப் புரட்டுங்கள். இன்று புழங்கும் சொற்களை உதாரண வாக்கியங்களோடு தருகிறது.

அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு நிற்கிற இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தப்பு போய்விட்டால் பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் 15 நிமிடங்களுக்குள் மெசேஜை அழுத்திப் பிடித்து எடிட் செய்துவிடலாம். பாட்டியின் மாத்திரை விஷயம் என்றால் மட்டும், எடிட் செய்துவிட்டு ஒரு போனும் போட்டுவிடுங்கள்.