மலைநாட்டு வழக்கில் ‘லயம்’

ஆங்கிலத்தில் ‘லைன்’ என்பது எளிய சொல்; ஆயின் பிறமொழியாளரை மயங்கச் செய்வதும் அதுவே. ஸ்பானிய மொழியினர் கோட்டையும் தொலைபேசித் தொடர்பையும் ‘லீனியா’ என்பர். ஏட்டின் வரியை ‘ரெங்லோன்’ என்பர். ஆட்கள் நிற்கும் வரிசையை ‘ஃபிலா’ என்றோ, வால் எனப் பொருள்படும் ‘கோலா’ என்றோ வழங்குவர். தமிழர்க்கும் கோடு, வரி, வரிசை, நிரை, தண்டவாளம் என அது பலவாகப் பிரியும். இளைஞர் நாவில் அது பெறும் காதற்பொருளை ஈண்டு விரித்தல் வேண்டா. ஆளிச்செடியின் நாரைக் குறித்த ‘லீனும்’ என்னும் இலத்தீன் சொல்லே இவற்றுள் ‘லைன்’, ‘லீனியா’ இரண்டிற்கும் மூலமாகும்.

ஆனால் மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தொழிலாளிக்கு இச்சொல் கோடுமன்று, வரியுமன்று. அஃது அவன் பிறந்து வளர்ந்த இருப்பிடம்.

இப்பொருள் படைமுகாமிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகள் ‘லைன்ஸ்’ எனப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டம் அமைத்த துரைமார் தென்னிந்தியத் தொழிலாளர்க்கு அதே முறையில் நெடிய கொட்டகைகளை எழுப்பினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் கட்டடமுறை மாறவில்லை. ஒரே கூரையின்கீழ், பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள். முதுகோடு முதுகு சேர்த்து எழுப்பிய இரட்டை வரிசையாயின் பின்புறச் சாளரத்துக்கும் வழியில்லை. துரைக்குப் ‘பங்களா’, உத்தியோகத்தர்க்குக் ‘குவாட்டர்ஸ்’, தொழிலாளிக்கு ‘லயன்’ என இருப்பிடத்தின் பெயரே படிநிலையை உரைத்தது.

அக்கட்டடத்தின் உறுப்புகளும் அயற்பெயர் தாங்கியவையே. அறைக்குப் பெயர் ‘காம்பரா’. இது போர்த்துக்கேயரின் ‘காமரா’. முன்திண்ணை ‘இஸ்தோப்பு’, இஃது ஒல்லாந்தர் தந்தது. மூன்று ஐரோப்பிய இனத்தாரும் இச்சிறு குடிலில் தத்தம் சொல்லை விட்டுச் சென்றுள்ளனர். மாறாகத் தேயிலை மலையில் ஒருத்தி கொழுந்தெடுக்கப் பிடிக்கும் வரிசைக்குப் பெயர் ‘நிரை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லே. தம் கையால் வளர்த்த செடியின் வரிசைக்குத் தம் சொல்லையும், பிறர் கட்டித்தந்த வரிசைக்குப் பிறர் சொல்லையும் மக்கள் வழங்கினர்.

நாளடைவில் ‘லயன்’ என்பது ‘லயம்’ ஆயிற்று. இறுதியில் மகரம் பெற்றதும் மரம், மரத்து என்பதுபோல ‘லயத்து’, ‘லயத்தில்’ என அத்துச்சாரியை ஏற்றது. வடசொல்லாகிய ‘லயம்’ ஒடுக்கத்தைக் குறிப்பது. இவ்வொலியொற்றுமை தற்செயலே எனினும் அவ்வறையைக் கண்டார்க்குப் பொருந்தாதது என்று தோன்றாது. இங்ஙனம் அயற்சொல்லுக்குத் தமிழிலக்கணம் இடமளித்த மண்ணில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அச்சொல்லைப் பேசிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை காரணமின்றி அன்று.

கடலுக்கு அப்பால் மூணாற்றுத் தேயிலை மலைகளிலும் மலையாளத்தார் ‘லயம்’ என்றே வழங்குகின்றனர். சொல் ஒன்றாயிருந்ததுபோலத் துன்பமும் ஒன்றாயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2020 ஓகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுள் புதைந்து எழுபதின்மர் மாண்டனர். வரிசையாய்க் கட்டிய குடியிருப்பில் அழிவும் வரிசையாகவே வந்தது.

மஸ்கெலியாவின் பழைய நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. நீர் வற்றுங்காலத்தில் அதன் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. நகரம் புதிதாக மேட்டில் எழுந்தது. சூழவுள்ள தோட்டங்களில் லயங்கள் நின்றன. 2017 மே மாதம் அண்டையூராகிய நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அத்தகைய திட்டங்களில் எழும் வீட்டை மக்கள் ‘தனிவீடு’ என்கின்றனர். ஊருக்கு ஒதுக்கமான வீடு என்று வெளியார் இதற்குப் பொருள்கொள்ளக்கூடும். லயத்தார் கருதும் பொருள், அடுத்த குடும்பத்தோடு சுவரையும் கூரையையும் பங்கிடாத வீடு என்பதே.