வேலியில் ஏறட்டும் செங்காந்தள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலில் நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். ஆனால் சந்தைக்கு அது வெறும் கண்வலிக்கிழங்கு. அங்கே பூவுக்கு மதிப்பில்லை, விதைக்குத்தான் விலை. விதையிலுள்ள கோல்ச்சிசின், யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டுவலிக்கு மருந்து. குரோமோசோம்களை இரட்டிக்கப் பயிர் ஆய்வாளர்களுக்கும் உதவுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இதைத் தோட்டப்பயிராகவே வளர்க்கிறார்கள். சங்ககால வள்ளல் ஓரி ஆண்ட கொல்லிமலையிலும் வளர்க்கலாம். ஆனால் வயலில் வேண்டாம், வேலியில் போதும் என்பதே என் கட்சி.

காரணம் செடியிலேயே இருக்கிறது. விதை போட்டால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கிழங்கை ஆடியில் நட்டால் தை, மாசியிலேயே காய் பறிக்கலாம். அதனால் எல்லாரும் கிழங்கையே தேடுகிறார்கள், அந்தத் தேட்டம் காட்டைத் தோண்டுவதில் போய் முடிகிறது. கலப்பை போலக் கவைத்த அக்கிழங்கின் நுனியில்தான் முளை. தோண்டும்போது நுனி ஒடிந்தால் காட்டுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மகரந்தச் சேர்க்கையும் எளிதன்று. தலைகீழாகத் தொங்கும் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். ஏக்கர் கணக்கில் இதைச் செய்யக் கூலியாள் வேண்டும். ஒரு வேலிக்கு வீட்டார் கைகளே போதும். கொல்லிமலைக்கு மரவள்ளி தந்த பாடமும் உண்டு. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளை நம்பி மலையேறிய அந்தப் பயிர், சாமையும் தினையும் விளைந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. விலை சரிந்தால் மரவள்ளிக்காரர் கையில் சோறும் இல்லை, காசும் இல்லை. இன்னொரு பயிருக்கு அதே இடத்தைக் கொடுப்பானேன்?

நஞ்சுச் செடியை வீட்டருகே வைக்கலாமா என்பார்கள். நியாயமான அச்சம்தான். காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆட்டுப்பட்டி, குடியிருப்பு இவற்றின் ஓரம் விலக்கி, தோட்டத்தின் வெளிவேலியில் மட்டும் ஏற்ற வேண்டும். விதைக்கிழங்கைச் சமையற்கட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது. வேலியில் வருமானம் குறைவு என்பதும் மெய்யே. மிளகும் காப்பியும் இருக்கும் மலையில் இது உபரிக் காசாக இருந்தால் போதும். வேலிக்கு முதல் கிழங்கைத் தோட்டக்கலைத் துறை தன் நாற்றுப்பண்ணையில் பெருக்கித் தரட்டும். காட்டில் தோண்டிய கிழங்கை யார் கொண்டுவந்து நீட்டினாலும் மலைவாழ் விவசாயிகள் வாங்க வேண்டாம்.