கல்பாக்கத்து வால்வும் ஆறு திங்கள் மௌனமும்

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்குக் கல்பாக்கம் தொலைவுதான். எனினும் 1984 முதல் அதன் மின்சாரம் நம் மாநிலத்து விளக்குகளுக்கும் வந்திருக்கிறது. அங்கு நேர்ந்தவற்றை அறியும் உரிமை நமக்கும் உண்டு.

2003ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், அணுமின் நிலையத்தை அடுத்துள்ள மறுபதப்படுத்தும் ஆலையில் பணியாளர் ஆறு பேர் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளாயினர். கதிரியக்கம் குறைந்த கழிவென்று எண்ணி அவர்கள் மாதிரி எடுக்கச் சென்றனர். வால்வு ஒன்று பழுதுற்றிருந்தமையால் கதிரியக்கம் மிகுந்த கழிவு அங்கே புகுந்திருந்தது. வால்வின் பழுதை உணர்த்தும் கருவியோ, கதிர்வீச்சைக் காட்டும் கருவியோ அவ்விடத்தில் இல்லை. நாட்டு மக்கள் இதனை அறிந்ததோ ஆறு திங்கள் கழித்து! பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகள் 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையினின்று விலக்கப்பட்டிருந்தன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அரபியில் ‘தத்லீஸ்’ என்றொரு சொல் உண்டு. விற்கும் பொருளின் குறையை வாங்குவோரிடம் மறைப்பதைக் குறிப்பது. ஹதீஸ் கலையினர் அறிவிப்பாளரின் மறைப்புக்கும் அதனை ஆண்டனர். பொய் கூறாமலே, கூறவேண்டியதை விட்டுவிடுதல் அதன் இயல்பு.

அதன் விளைவை அமெரிக்கா கண்டது. ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் 1977 செப்டம்பரில் அழுத்தம் தணிக்கும் வால்வு மூடிக்கொள்ளாமல் நின்றது. அப்படிப்பினை பிற நிலையங்களின் இயக்குநர்களை எட்டவில்லை. 1979 மார்ச் 28இல் திரீ மைல் தீவில் அத்தகைய வால்வே அவ்வாறு நிற்க, உலையின் எரிபொருள் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

நம் நாட்டிலோ, 1995இல் ஒழுங்குமுறை வாரியம் தொகுத்த ஏறத்தாழ 130 பாதுகாப்புக் குறைகளின் அறிக்கையை வெளியிடக் கோரிய வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2004இல் உச்ச நீதிமன்றமும் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் இரகசிய விதியை ஏற்று அதனை உறுதி செய்தது.